யாரிடம் போய்க் கேட்பது? அண்ணா பல்கலைக்கழகம் பற்றி வாசகர் கேள்விகள்

பொறியியல் சேர்க்கை நெருங்கினாலே கட் ஆஃப் பற்றிய கடிதங்கள் குவிந்துவிடும். இந்த முறை பலர் அதை விட்டுவிட்டு, பல்கலைக்கழகத்தை யார் நடத்துகிறார்கள், எந்தக் கல்லூரி யாருக்குச் சொந்தம், தவறு நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். கட் ஆஃப் பேச்சு ஒரு மாதத்தில் அடங்கிவிடும், இந்தக் கேள்விகள் நாலு வருஷமும் கூடவே வரும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

என் மகனுக்குத் திருக்குவளை பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. 'அதுவும் கிண்டி மாதிரிதான், அண்ணா யுனிவர்சிட்டியோட சொந்தக் காலேஜ்' என்கிறார் மைத்துனர். பக்கத்து வீட்டுக்காரரோ 'தமிழ்நாட்டுல எல்லா இன்ஜினியரிங் காலேஜும் அண்ணா யுனிவர்சிட்டிதான்' என்கிறார். யார் சொல்வது சரி?
- ஒரு தந்தை, நாகப்பட்டினம்

மைத்துனர் சொல்வதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் 'கிண்டி மாதிரி' என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள்.

அண்ணா பல்கலைக்கழகம் என்ற ஒரே பெயருக்குள் மூன்று விதமான கல்லூரிகள் இருக்கின்றன. முதல் வகை, பல்கலைக்கழகத் துறைகள் எனப்படும் நான்கு வளாகங்கள். கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலைக்கான எஸ்ஏபி ஆகிய மூன்றும் கிண்டியில் இருக்கின்றன, எம்ஐடி (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) மட்டும் குரோம்பேட்டையில். கலந்தாய்வுப் பட்டியலைத் திறந்தால் கல்லூரிக் குறியீட்டு எண் 1, 2, 3, 4 என்று வரிசையாக நிற்பவை இவைதான். இரண்டாவது வகையில் கோவை, மதுரை, திருநெல்வேலி மண்டல வளாகங்களும், விழுப்புரம், திண்டிவனம், ஆரணி, பண்ருட்டி, அரியலூர், பட்டுக்கோட்டை, நாகர்கோவில் என்று பரவிக் கிடக்கும் 13 உறுப்புக் கல்லூரிகளும் வருகின்றன. திருக்குவளை இந்தப் பதின்மூன்றில் ஒன்று. மூன்றாவது வகை இணைப்புக் கல்லூரிகள், இவை நானூறுக்கும் மேல். பக்கத்து வீட்டுக்காரர் மனதில் வைத்துச் சொன்னது இவற்றைத்தான்.

இணைப்புக் கல்லூரி என்றால் கட்டடம், ஆய்வகம், ஆசிரியர் நியமனம், சம்பளம் எல்லாம் அந்தக் கல்லூரி நிர்வாகத்தின் பொறுப்பு. பாடத்திட்டம், தேர்வு, பட்டம் ஆகியவை பல்கலைக்கழகத்துடையவை. தன்னாட்சி பெற்ற கல்லூரியாக இருந்தால் பாடத்திட்டமும் வினாத்தாளும்கூடக் கல்லூரியுடையதே, பட்டம் மட்டும் பல்கலைக்கழகம் தரும். கோவை ஜிசிடி (அரசு தொழில்நுட்பக் கல்லூரி) அரசுக் கல்லூரி, பிஎஸ்ஜி டெக் அரசு உதவி பெறும் கல்லூரி, இரண்டுமே தன்னாட்சிக் கல்லூரிகள், இரண்டுமே இணைப்புக் கல்லூரிகள்தான். அதனால் 'இணைப்பு' என்றாலே தரம் குறைவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

உறுப்புக் கல்லூரியில் முதலாளி பல்கலைக்கழகமேதான். ஆசிரியரை வேலைக்கு எடுப்பதும் ஆய்வகத்துக்குக் கருவி வாங்குவதும் அதன் கடமை. கட்டணமும் சுயநிதிக் கல்லூரியைவிடக் குறைவு. என்னை வருத்துவது வேறு விஷயம்: இந்தக் கல்லூரிகள் பலவற்றில் நிரந்தரப் பேராசிரியர்கள் போதுமான அளவில் இல்லை, தொகுப்பூதியத்தில் இருக்கும் தற்காலிக ஆசிரியர்கள்தான் வருஷக்கணக்கில் வகுப்புகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கிண்டியின் பெயரைச் சிறிய ஊர்களுக்குக் கொண்டுபோன அரசு, கிண்டியின் ஆசிரியர் பலத்தையும் அங்கே கொண்டுபோயிருக்க வேண்டும். இந்தக் குறை சரியாகும்வரை யாராவது கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். சேருவதற்கு முன் ஒரு வேலை நாளில் கல்லூரிக்கு நேரில் போங்கள். மகன் எடுக்கப்போகும் பிரிவில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று துறைத் தலைவரிடமே கேளுங்கள். ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கிண்டி பொறியியல் கல்லூரி 1794-இல் தொடங்கியது என்கிறார்கள், பல்கலைக்கழகமோ 1978 என்கிறது. எப்படி?
- ஒரு மாணவி, தாம்பரம்

இரண்டும் சரி. 1794-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் தொடங்கியது ஒரு நில அளவைப் பள்ளி. அது வளர்ந்து 1859-இல் பொறியியல் கல்லூரியானது. அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி 1944-இல் வந்தது. எம்ஐடியை 1949-இல் சி. ராஜம் தொடங்கினார், அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தது அங்கேதான். இவற்றோடு கட்டடக்கலைத் துறையையும் சேர்த்து 1978 செப்டம்பரில் சட்டம் போட்டு ஒரே பல்கலைக்கழகமாக்கினார்கள். அப்போது அதற்கு இணைப்புக் கல்லூரி ஒன்றுகூடக் கிடையாது. 2001-இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான், அதுவரை சென்னை, பாரதியார், பாரதிதாசன், மதுரை காமராசர் போன்ற பல்கலைக்கழகங்களின் கீழ் இருந்த பொறியியல் கல்லூரிகள் எல்லாம் இதன் கீழ் வந்தன. நாலு வளாகத்துக்காகத் தைத்த சட்டையை நூற்றுக்கணக்கான கல்லூரிகளுக்குப் போட்டுவிட்டது போலத்தான். இன்றைக்குப் பார்க்கிற சிக்கல்களில் பல அங்கேதான் தொடங்கின.

துணைவேந்தரே இல்லாமல் பல்கலைக்கழகம் எப்படி நடக்கும்? உண்மையில் முடிவெடுப்பது யார்? ஆளுநரா, அரசா?
- ஒரு மூன்றாம் ஆண்டு மாணவர், சேலம்

அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வேந்தர் ஆளுநர், இணைவேந்தர் உயர்கல்வித் துறை அமைச்சர். அன்றாட நிர்வாகத்தின் தலைமை துணைவேந்தர், பதவிக்காலம் மூன்று ஆண்டு. பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், நிதி அலுவலர் ஆகியோர் அவருக்குக் கீழே. ஆனால் பெரிய முடிவுகளைத் துணைவேந்தர் தனியாக எடுக்க முடியாது, அவற்றுக்கு ஆட்சிமன்றக் குழு ஒப்புதல் தர வேண்டும். சிண்டிகேட் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அரசுத் துறைகளின் செயலர்கள், பேராசிரியர்கள், நியமன உறுப்பினர்கள் எல்லாம் அதில் உட்காருகிறார்கள். பாடத்திட்டம், தேர்வு விதிகள் போன்ற படிப்பு சார்ந்த விஷயங்கள் கல்விக்குழுவுக்குப் போகும்.

துணைவேந்தரைத் தேர்ந்தெடுக்க ஒரு தேடல் குழு அமைப்பார்கள். அதில் வேந்தர் சார்பில் ஒருவர், அரசு சார்பில் ஒருவர், சிண்டிகேட் சார்பில் ஒருவர். அவர்கள் மூன்று பெயர்களைப் பரிந்துரைப்பார்கள், வேந்தர் அதிலிருந்து ஒருவரை நியமிப்பார். பல ஆண்டுகளாக இருந்த முறை இது. இதில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) பிரதிநிதியும் இருக்க வேண்டும் என்று ஆளுநர் சொல்ல, மாநிலச் சட்டத்தில் அப்படி இல்லை என்று அரசு சொல்ல, தேடல் குழுக்களே முடங்கின. அதற்கு முன்பே, 2022 ஏப்ரலில், நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் மசோதாக்களைச் சட்டப்பேரவை நிறைவேற்றியிருந்தது. அவற்றுக்கு ஆளுநரின் ஒப்புதல் கிடைக்காமல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஏப்ரல் 8 அன்று, இவை உட்பட ஒப்புதலுக்குக் காத்திருந்த பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பு வந்தது. மே மாதத்தில், துணைவேந்தர் நியமனம் தொடர்பான அந்தத் திருத்தங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதிலளித்த உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, 'ஒப்புதல் பெற்றதாகக் கருதுவது' என்ற முறைக்கு அரசியலமைப்பில் இடமில்லை என்று கருத்துச் சொன்னது.

இந்த இழுபறிக்கு நடுவில்தான் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர் வேல்ராஜின் பதவிக்காலம் 2024 ஆகஸ்டில் முடிந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அதற்கு ஒரு வருஷம் முன்பே நாற்காலி காலியாகிவிட்டது. இப்படி ஆகும்போது ஒருங்கிணைப்புக் குழு ஒன்றை அமைப்பார்கள். தேர்வு நடக்கும், சம்பளம் போகும், சான்றிதழ் வரும், அதனால் வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் ஓடுவது போலவே தெரியும். ஆனால் குழு என்பது கோப்பை நகர்த்துவதற்கு மட்டும்தான் உதவும். ஆசிரியர் நியமனம், புதிய துறை, நீண்ட கால ஆய்வுத் திட்டம் இவற்றுக்கெல்லாம் மூன்று வருஷம் இருந்து பதில் சொல்லப்போகும் ஒருவர் வேண்டும். அதிகாரம் யாருக்கு என்பது முக்கியமான கேள்விதான், மறுக்கவில்லை. மாநிலத்தின் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்தில் மாநில அரசுக்குக் கூடுதல் குரல் வேண்டும் என்பதுதான் என் கருத்தும். அதற்காகப் பதவியை மாதக்கணக்கில் காலியாக வைத்திருப்பதை, எந்தத் தரப்பு செய்தாலும், ஏற்க முடியவில்லை. அந்த மாதங்கள் உங்கள் நாலு வருஷப் படிப்பிலிருந்து போகின்றன.

கலந்தாய்வில் குளறுபடி என்றால் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு எழுதலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

வேண்டாம். 2019 முதல் கலந்தாய்வை நடத்துவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். பழைய நினைப்பில் பல்கலைக்கழகத்துக்கு எழுதினால் கடிதம் சுற்றிக்கொண்டிருக்கும், அதற்குள் உங்கள் சுற்று முடிந்துவிடும்.

நான் படித்து முடித்தது 'அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கோயம்புத்தூர்' பெயரில். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்தபோது 'அப்படி ஒரு பல்கலைக்கழகமே இல்லையே' என்றார்கள். என் பட்டம் செல்லுமா?
- ஒரு பொறியாளர், திருப்பூர்

நிச்சயம் செல்லும், பயப்படாதீர்கள். கல்லூரிகள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன என்று 2007-இல் பல்கலைக்கழகத்தைப் பிரித்து கோவை, திருச்சி, திருநெல்வேலியில் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் ஆக்கினார்கள், 2010-இல் மதுரையும் சேர்ந்தது. 2011-இல் ஆட்சி மாறியது. ஒரே தரம் வேண்டும் என்று சொல்லி 2012-இல் எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாக்கினார்கள். பிரித்ததற்கும் காரணம் இருந்தது, சேர்த்ததற்கும் காரணம் இருந்தது. ஆனால் இரண்டு முறையும், நடுவில் மாட்டிக்கொண்ட மாணவர்களின் சான்றிதழை வெளிநாட்டில் யார் எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்று யோசித்தது போலத் தெரியவில்லை.

நீங்கள் பட்டம் பெற்றது சட்டப்படி அமைந்த ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில். அது இணைந்தது அண்ணா பல்கலைக்கழகத்தோடு என்பதால், சான்றிதழ் உண்மைத்தன்மைச் சரிபார்ப்புக்கு நிறுவனத்தைச் சென்னைக்கே எழுதச் சொல்லுங்கள். பல்கலைக்கழகங்கள் இணைக்கப்பட்டதற்கான சட்டத் திருத்தத்தின் நகலையும் விண்ணப்பத்தோடு வைத்தால் பாதிக் கேள்வி குறையும்.

எங்கள் கல்லூரி இணையதளத்தில் ஆசிரியர் என்று போட்டிருக்கும் சிலரை நாங்கள் வகுப்பில் பார்த்ததே இல்லை. புகார் செய்தால் இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்களோ என்று பயம். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம் என்ற மாணவர்

உங்கள் பயம் நியாயமானது. நீங்கள் பார்த்ததும் புதிய விஷயம் இல்லை. ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே கல்வியாண்டில் பல பொறியியல் கல்லூரிகளின் பட்டியலில் இருப்பதை 2024-இல் ஊழலுக்கு எதிரான அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்தது, பல்கலைக்கழகமும் விசாரணையில் இறங்கியது. இணைப்பு அங்கீகாரம் கொடுப்பதற்கு முன் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழு நேரில் வந்து ஆசிரியர்களையும் ஆய்வகங்களையும் பார்க்கிறது. அந்த ஒரு நாள் மட்டும் நிரம்பியிருக்கும் கல்லூரியை நிரம்பிய கல்லூரி என்று குழு எழுதிவிட்டால், அதன் விலையை நீங்கள்தான் கொடுக்கிறீர்கள்.

தனியாளாகப் போய் முதல்வர் அறையில் நிற்காதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு உங்கள் அப்பாவோ அம்மாவோ, கல்லூரியோடு சம்பந்தமே இல்லாத உறவினரோ எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, கட்டணம் பத்து ரூபாய், முப்பது நாளில் பதில் தர வேண்டும். தனியார் கல்லூரி நேரடியாகப் பதில் தராது என்றாலும், அது பல்கலைக்கழகத்திடம் கொடுத்த ஆவணம் பல்கலைக்கழகத்தின் கையில்தானே இருக்கிறது, அதைக் கேட்கலாம். 'இன்ன கல்லூரி, இன்ன துறை, இன்ன கல்வியாண்டில் இணைப்புக்காகச் சமர்ப்பித்த ஆசிரியர் பட்டியல்' என்று ஒரே வரியில் கேளுங்கள். 'எல்லா விவரமும் வேண்டும்' என்று எழுதினால் தட்டிக் கழிக்க அவர்களுக்கு வசதியாகிவிடும். முப்பது நாளில் பதில் வராவிட்டாலும், தராமல் மறுத்தாலும், அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த முப்பது நாளுக்குள் எழுதிவிடுங்கள்.