ரசிகர்கள் இவ்வளவு கேட்டும் நிறுத்தப்பட்ட லிமிடெட் எடிஷன் குக்கீ சுவைகள் ஏன் திரும்ப வருவதில்லை?

யாருக்கும் பிடிக்கவில்லை என்று நிறுத்துவதைவிட, தொடங்கும்போதே நிறுத்தும் எண்ணத்தோடு விடுவதுதான் அதிகம். அமெரிக்காவில் ஓரியோ 2013-இல் தர்பூசணி சுவையையும் 2016-இல் ஸ்வீடிஷ் ஃபிஷ் மிட்டாய் சுவையையும் இறக்கியபோது ஊரே அதைப் பற்றிப் பேசியது, அந்தப் பேச்சுதான் இதில் முக்கியம். புதுசைப் பார்க்க வருபவர் கூடவே வழக்கமான பாக்கெட்டையும் எடுத்துப் போவார். நிரந்தரமாக வைப்பது வேறு கதை. கடை அலமாரியில் இடம் குறைவு, சுவை மாற்றும் ஒவ்வொரு முறையும் இயந்திரங்களைச் சுத்தம் செய்ய வேண்டும், தனி உறை அச்சடிக்க வேண்டும், எனவே சிலர் உயிராக நேசிப்பது மட்டும் போதாது, நிறைய பேர் மாதாமாதம் வாங்க வேண்டும்.

ஆனாலும் கேட்பது வீண் இல்லை. ஓரியோவுக்கே 4 ஆண்டு மூத்த ஹைட்ராக்ஸ் என்ற கிரீம் குக்கீயை (1908) கெல்லாக்ஸ் 2003-இல் நிறுத்தியது, ரசிகர்கள் விடாமல் மனுப் போட்டார்கள், நூற்றாண்டை ஒட்டி 2008-இல் கொஞ்ச காலம் வந்து மறுபடி காணாமல் போனது, அப்புறம் 2015-இல் லீஃப் பிராண்ட்ஸ் என்ற வேறொரு நிறுவனம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. டங்கரூஸ் என்ற குக்கீயும் அப்படித்தான், அமெரிக்காவில் 2012-இல் போய் 2020-இல் திரும்பியது.

பண்டிகைக் கால சுவை என்றால் வாய்ப்பு இன்னும் அதிகம். நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்குச் சுவையின் பெயரைச் சொல்லி நேரடியாக எழுதுங்கள், தெரிந்தவர்களையும் எழுதச் சொல்லுங்கள்.