கறிவேப்பிலைப் புழுவும் ஒரு படப் புத்தகமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு ஐந்து. சென்ற ஆண்டு முதல் இருவருக்கும் வீட்டிலேயே கற்பித்து வருகிறோம். வாரம் ஒரு படப் புத்தகம், அதையொட்டி ஐந்து நாள் கைவேலை என்பது என் திட்டம். எரிக் கார்லின் பசித்த புழுக் கதைக்காக ஸ்ட்ராபெரி, பேரிக்காய் எல்லாவற்றையும் வண்ண அட்டையில் வெட்டி, கம்பளி நூலில் புழு செய்தோம். தொடக்கத்தில் ஆசையாக உட்கார்ந்தவர்கள் இப்போது பாதியிலேயே எழுந்து ஓடிவிடுகிறார்கள்; இரவு பதினொரு மணிவரை நான் தனியாக ஒட்டி முடிக்கிறேன். "அட்டையை வெட்டி ஒட்டினால் படிப்பு வந்துவிடுமா?" என்று என் மாமியார் கேட்கிறார். நான் எங்கே தவறுகிறேன்? பிற்பாடு பள்ளியில் சேர்க்க நேர்ந்தால் என்ன செய்வது?

க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

இரவு பதினொரு மணிவரை தனியாக ஒட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அந்த வரியில்தான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கம்பளிப் புழு தொடக்கம் முதலே உங்களுடைய வேலையாகத்தான் இருந்திருக்கிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கும்பகோணத்தில் என் பேத்தி எங்களோடு இருந்த இரண்டு ஆண்டுகளில் நானும் இதையே செய்தேன். யானைக் கதை ஒன்றைப் படித்த கையோடு தேங்காய் நாரையும் கொட்டாங்குச்சியையும் வைத்துக்கொண்டு யானை செய்ய உட்கார்ந்தோம். தும்பிக்கையை வளைப்பதற்காக முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு நான் நிமிர்ந்தபோது, அவள் கொல்லைப்புற வாய்க்காலில் கொட்டாங்குச்சியை மிதக்கவிட்டு, எத்தனை புளியங்கொட்டை போட்டால் அது முழுகும் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். அன்றைய பாடம் வாய்க்காலில்தான் நடந்தது. திண்ணையில் நடந்தது என் பொழுதுபோக்கு.

புத்தகத்தில் இருப்பதை அட்டையில் மறுபடி செய்து காட்டுவதுதான் கைவேலை என்ற எண்ணம் எப்படியோ பரவிவிட்டது. குழந்தைகளுக்கான முதல் படப் பாடநூல் என்று பலரும் குறிப்பிடும் நூலை 1658இல் நியூரம்பர்க்கில் வெளியிட்ட கொமேனியஸ், பொருளையே காட்ட முடியாத இடத்தில் அதன் படத்தைக் காட்டலாம் என்ற கருத்துடையவர். நாமோ பொருள் வாசலில் இருக்கும்போதே படத்தைப் பார்த்து இன்னொரு படம் செய்துகொண்டிருக்கிறோம். புத்தகம் சொன்னது மெய்தானா என்று கையாலும் கண்ணாலும் சோதித்துப் பார்ப்பதற்கே கைவேலை என்று வைத்துக்கொண்டால், உங்கள் வேலையில் பாதி குறைந்துவிடும்.

உங்கள் புழுவையே எடுத்துக்கொள்வோம். 1969இல் வந்த அந்தப் புத்தகம் எனக்கும் மிகவும் பிடித்தது. கிழமைகளையும் எண்களையும் அத்தனை இயல்பாகச் சொல்லித்தரும் நூல்கள் குறைவு. அதில் வரும் புழு ஆப்பிள் தொடங்கி ஆரஞ்சு வரை ஒவ்வொரு நாளும் ஒரு வகைப் பழமாகத் துளைத்து, சனிக்கிழமை கேக்கும் ஐஸ்கிரீமும் தின்று வயிற்றுவலி கண்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு பச்சை இலையைத் தின்று தேறுகிறது. புழு கேக் தின்னுமா? உங்கள் பிள்ளைகள் இதைக் கேட்டார்களோ இல்லையோ, கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலையிடமும் நார்த்தையிடமும் இதற்கு விடை இருக்கிறது. அவற்றின் இளந்தளிரில் கடுகளவுகூட இல்லாத வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சி முட்டைகள் தனித்தனியாக ஒட்டியிருக்கும். அதிலிருந்து வரும் புழு முதலில் பறவை எச்சம் போலவே இருப்பதால் நாம் கவனிப்பதில்லை. நான்கு முறை தோலுரித்த பிறகே பச்சை நிறத்துக்கு வருகிறது. மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்புகளை நீட்டி ஒரு நாற்றத்தைப் பரப்பும். என் பேத்தி அந்த ஒரு வாரமும் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரையும் முகர்ந்து பார்க்க வைத்தாள். அந்தப் புழுவின் முன்னால் ஒரு துண்டு ஆப்பிளை வையுங்கள், தொடாது. முருங்கை இலையை வையுங்கள், அதையும் தொடாது. எலுமிச்சை இலை என்றால் தின்னும். ஏன் என்ற கேள்வி குழந்தையிடமிருந்தே வரும். அதற்குள் நீங்கள் விடை சொல்லிவிடாதீர்கள்.

வாயகன்ற புட்டி ஒன்று, மூட மெல்லிய துணி, தினமும் புது இலை, ஏறிக்கொள்ள ஒரு குச்சி, இவை போதும். முட்டை முதல் பட்டாம்பூச்சி வரை ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும் என்பதால், வாரத்துக்கு ஒரு புத்தகம் என்ற கணக்கை இங்கேயே கைவிட வேண்டியிருக்கும். கடைசியில் ஒரு வேடிக்கையும் காத்திருக்கிறது. அந்துப்பூச்சிகளில் பல பட்டு நூலால் கூடு கட்டிக்கொண்டு உள்ளே இருக்கும். நம் கறிவேப்பிலைப் பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழுவோ அப்படியோர் உறையின்றி, ஒற்றை நூலை இடுப்பில் கட்டிக்கொண்டு குச்சியில் சாய்ந்திருக்கும். கார்ல் தம் புழுவுக்கு அந்துப்பூச்சியின் கூட்டைக் கொடுத்துவிட்டார். அச்சிட்ட புத்தகத்தில் ஒரு பிழையைத் தானே கண்டுபிடித்த ஏழு வயதுப் பையன் அடுத்த புத்தகத்தை எப்படித் திறப்பான் என்று பாருங்கள். சில சமயம் கூட்டுப்புழுவிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதிலாகக் குளவி வெளிவருவதும் உண்டு, அதையும் மறைக்காதீர்கள்.

உங்கள் மாமியாரின் கேள்வி நியாயமானது, அவரையே ஆசிரியராக்கிக்கொள்ளுங்கள் என்பேன். விதை முளைக்கும் கதை எந்த மொழிப் படப் புத்தகத்திலும் கிடைக்கும், பெரும்பாலும் அவரை விதையோ சூரியகாந்தி விதையோதான் அதில் முளைக்கும். அதைப் படித்த மறுநாள் பிள்ளைகளை மாமியாரிடம் விதைநெல்லைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். தண்ணீரில் முட்டை மிதந்து நாலணா அகலத்துக்கு மேலே தெரியும்வரை உப்பைக் கரைத்து, நெல்லைக் கொட்டி, மிதக்கும் பதரை ஒதுக்கி, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, ஒரு நாள் ஊறவைத்து, முளைகட்ட ஈரச் சாக்கில் மூட்டம் போடுவதற்குள் எடை, எண்ணிக்கை, நாள் கணக்கு என்று ஒன்றாம் இரண்டாம் வகுப்புக் கணக்கு முழுவதும் வந்துவிடுகிறது. ஒரு தொட்டியில் நாற்று விட்டு, வாரம் ஒரு படம் வரையச் சொல்லித் தைத்தால் அவர்களே எழுதிய படப் புத்தகமும் கையில் இருக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தில் மாமியார் பக்கமே நிற்பேன். எழுத்துகள் இந்த வேலைகளால் தாமாக வந்துவிடா. ல, ள, ழ வேறுபாட்டுக்குக் காது பழக வேண்டும், அதற்குத் தினமும் இருபது நிமிடம் உரக்கப் படித்துக் காட்டுவதையும் எழுதுவதையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் படப் புத்தகங்களுக்குத் தட்டுப்பாடில்லை. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்திலேயே ஏராளமானவை இலவசமாகக் கிடைக்கின்றன.

பள்ளிச் சேர்க்கை பற்றி. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் (2009) ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ளவர்களுக்கானது. வீட்டுக் கல்வியை அது பெயர் சொல்லி அனுமதிக்கவுமில்லை, தடுக்கவுமில்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது, ஆயினும் தண்டனை எதையும் விதிக்கவில்லை. ஆறு வயது கடந்தும் பள்ளியில் சேராத குழந்தையை வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துக்கொள்ள 4ஆம் பிரிவு வழி செய்கிறது, சிறப்புப் பயிற்சிக்கும் இடம் தருகிறது. ஆகவே உங்கள் மகனுக்குக் கதவு அடைபடவில்லை. தேர்வெழுதிச் சான்றிதழ் பெற விரும்பினால், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இணையான நிலைகளை வைத்திருக்கிறது. பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத நம் மாநிலத்திலும் வழி உண்டு, அதற்குப் பன்னிரண்டரை வயது ஆக வேண்டும்.

எந்தப் பள்ளிக்குப் போனாலும் தலைமையாசிரியர் பிள்ளைக்கு என்ன தெரியும் என்றுதான் முதலில் கேட்பார். அப்போது எடுத்து நீட்ட, புழுவுக்கும் நாற்றுக்கும் நாள் போட்டு எழுதிய நோட்டு ஒன்று இருக்கட்டும், அவர்கள் கையெழுத்திலேயே.