டின் விசில் கீச்சிடுகிறதா? தலைப்பகுதியைக் கவனியுங்கள்

கேள்வி: பித்தளைக் குழாயும் பிளாஸ்டிக் வாய்ப்பகுதியும் உள்ள டின் விசில் என்ற சிறிய ஊதுகுழல் ஒன்றை, டி சுருதியில், குறைந்த விலைக்கு வாங்கினேன். ஆறு துளைகளையும் மூடி ஊதினால் அடிச்சுரம் நிற்காமல் மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடுகிறது. மேலே போனால் ஒரே இரைச்சல். வேறு விசில்தான் வாங்க வேண்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். முதலில் குறை விசிலில் இருக்கிறதா, விரலில் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ஆறு துளைகளையும் செலோடேப்பால் இறுக்கமாக ஒட்டிவிட்டு மெல்ல ஊதுங்கள். அடிச்சுரம் அசையாமல் நின்றால் விசில் நன்றாகவே இருக்கிறது. துளையின் ஓரத்தில் உங்கள் விரல் மயிரிழை அளவு காற்றை விடுகிறது, அவ்வளவுதான். அந்தச் சுரத்துக்கு மூச்சும் மிகக் குறைவாகவே வேண்டும். புதிதாக ஊதுபவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் ஊதுகிறார்கள்.

டேப் ஒட்டியும் தாவினால் தலைப்பகுதிக்கு, அதாவது வாய்ப்பகுதிக்கு வருவோம். நம் புல்லாங்குழலில் உதடு செய்கிற வேலையை, டின் விசிலில் வாய்ப்பகுதிக்குள் இருக்கும் குறுகிய காற்றுவழியும் அதற்கு எதிரே உள்ள கூர்விளிம்பும் செய்கின்றன. ஊதும்போது உதட்டைப் போல அவற்றைத் திருத்திக்கொள்ள முடியாது. 1843-இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ராபர்ட் கிளார்க் தகரத் தகட்டைச் சுருட்டி விசில் செய்தபோது, காற்றுவழிக்கு அடியில் மரக்கட்டை வைத்து அடைத்தார். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் தலைகள் பலவற்றில் அந்த இடம் வெறும் பள்ளமாக இருக்கும். மேல் ஸ்தாயி தடுமாறுவதற்கு அந்தப் பள்ளம் ஒரு முக்கியக் காரணம். அதை அடைப்பதுதான் அயர்லாந்து இசையை வாசிப்பவர்களிடையே பிரபலமான கைவைத்தியம்.

தலையை முதலில் கழற்ற வேண்டும். கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலான வெந்நீரில் தலையை மட்டும் ஒரு நிமிடம் வைத்து, துணியால் பிடித்துத் திருகினால் பசை விட்டுக்கொடுக்கும். கொதிக்கும் நீர் கூடாது, பிளாஸ்டிக் வளைந்துவிடும். நன்றாகத் துடைத்துக் காயவைத்த பிறகு, சுவரில் படம் ஒட்டப் பயன்படும், பிசைந்த மாவு போன்ற ப்ளூ டேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பள்ளத்தில் வைத்து, பென்சிலின் பின்முனையால் அழுத்துங்கள். காற்றுவழியின் தரையோடு அது சமமாக நிற்க வேண்டும். காற்று போகும் பாதையில் துளிகூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம் என்பதால் இதைத் தைரியமாகச் செய்யலாம்.

கூர்விளிம்பு விஷயம் அப்படியல்ல. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: வார்ப்பின் பிசிறு ஒட்டிக்கொண்டிருந்தால் பிளேடு நுனியால் அந்தப் பிசிறை மட்டும் எடுங்கள். விளிம்பைத் தீட்டிக் கூராக்கப் போகாதீர்கள். ஒருமுறை போன பிளாஸ்டிக் திரும்ப வராது. நிறையப் பேர் நல்ல விசிலைக் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

சரி, கொஞ்ச நேரம் வாசித்ததும் சத்தம் மூச்சடைத்தாற்போல் ஆகிறதா? அது ஈரம். பாத்திரம் துலக்கும் திரவத்தில் ஒரு சொட்டைத் தண்ணீரில் கலந்து காற்றுவழியில் விட்டு, உதறிக் காயவிடுங்கள். நீர் முத்து முத்தாக நிற்காமல் பரவி வழிந்துவிடும். வாசிக்கும் முன் தலையை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றினாலும் ஈரம் குறையும். மரக்கட்டை உள்ள விசிலாக இருந்தால் வெந்நீரும் சோப்பும் ஆகாது, கட்டை ஊறி உப்பும். அந்த வகையில் காற்றுவழியின் தகரக் கூரையைக் கட்டைவிரலால் இம்மியளவு கீழே அழுத்தினால் போதும். மூச்சுச் செலவும் இரைச்சலும் குறையும், சத்தமும் சற்றுக் குறையும்.

அப்புறம், கழற்றிய தலையை மறுபடி பசை போட்டு ஒட்டாதீர்கள். தளர்வாக இருந்தால் குழாய் முனையில் பிளம்பர்கள் சுற்றும் டெஃப்லான் டேப்பை ஒரு சுற்று சுற்றிச் செருகுங்கள். மேலே உள்ள மூன்று துளைகளை மூடி ஜி சுரத்தை ஊதி, கைப்பேசி ட்யூனரில் பாருங்கள். சுருதி கூடியிருந்தால் தலையை ஒரு மில்லிமீட்டர் வெளியே இழுங்கள், குறைந்திருந்தால் உள்ளே தள்ளுங்கள்.