நான்காகத் துண்டான கெடா

குபாங் பாசு ஒரு காலத்தில் தனி அரசாக இருந்ததாமே, உண்மையா? (ஈப்போ வாசகர்)

உண்மைதான். இன்று அது கெடாவின் வடகோடியில் ஜித்ரா, சங்லூன் அடங்கிய மாவட்டம். 1821 நவம்பரில் சயாமின் (இன்றைய தாய்லாந்து) லிகோர் படை, அதாவது அதன் தென்பகுதியான நக்கோன் சி தம்மராட்டின் படை, கெடாவைப் பிடித்தது. சுல்தான் அகமது தாஜுடின் பினாங்குக்குத் தப்பினார். 1826ஆம் ஆண்டு பர்னி உடன்படிக்கையில் ஆங்கிலேயரும் சயாமின் பிடியை ஏற்றுக்கொண்டார்கள். சுல்தானின் உறவினர்கள் ஓயவில்லை. 1831இலும் 1838இலும் கலகம் வெடித்தது. லிகோர் ஆட்களை வைத்துக் கெடாவை ஆளமுடியாது என்பது அப்போதுதான் பாங்காக்குக்கு உறைத்தது. மலாய்ப் பிரபுக்களையே அமர்த்தியது, ஆனால் முழு நாட்டையும் ஒருவர் கையில் கொடுக்கவில்லை. கெடா, பெர்லிஸ், செத்துல், குபாங் பாசு என நான்கு துண்டு. 1842இல் திரும்பிவந்த சுல்தானுக்குக் கிடைத்தது அதில் ஒன்றுதான். 1843இல் சையது உசேன் ஜமாலுலைல் பெர்லிஸின் ராஜா ஆனார். அவர் வம்சம் இன்றும் ஆள்கிறது. துங்கு அனும் ஆண்ட குபாங் பாசுவோ ஏறத்தாழக் கால் நூற்றாண்டில் கெடாவோடு மீண்டும் சேர்ந்துவிட்டது.

பாங்காக்குக்கு அனுப்பிய ‘பூங்கா மாஸ்’ கப்பமா, அன்பளிப்பா? (கிள்ளான் வாசகி)

பொன்னிலும் வெள்ளியிலும் செய்த மரங்கள், மூன்றாண்டுக்கு ஒருமுறை. சயாம் கப்பம் என்றது, மலாய் அரண்மனைகள் நட்பு என்றன. மரத்தை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. ராஜாவுக்குப் பட்டம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1842க்குப் பிறகு அது பாங்காக்கிலிருந்துதான் வந்தது.

செத்துல் மட்டும் ஏன் தாய்லாந்தில் தங்கிவிட்டது? (சுங்கை பட்டாணி வாசகர்)

1909 மார்ச் 10ஆம் தேதி ஆங்கிலேயரும் சயாமும் செய்த உடன்படிக்கைதான் காரணம். மலாய் அரசர் ஒருவரும் அதில் கையெழுத்திடவில்லை; எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது. எல்லைக்கோடு பெர்லிஸ் ஆற்று முகத்துவாரத்தின் வடகரையில் தொடங்கி, ஆறுகளின் நீர்ப்பிரிமேட்டைப் பிடித்து ஏறியது. தீவுகளில் லங்காவி இந்தப் பக்கம், தாருதாவ் அந்தப் பக்கம். கோட்டுக்கு அந்தப் பக்கம், சயாமிடமே நின்றுவிட்ட செத்துல்தான் இன்றைய சத்துன் மாநிலம்.

பழைய ஆவணம் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தாய் மொழியில் கெடாவின் பெயர் ‘சைபுரி’. தென் தாய்லாந்தின் பட்டாணிப் பகுதியில் உள்ள தெலுபான் ‘சாய்புரி’. ஆங்கில எழுத்தில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவிடுவார்கள். பக்கத்தில் பெர்லிஸ், செத்துல் என்று வந்தால் கெடா. யாரிங், ரெமான் என்று வந்தால் தெலுபான்.