அரைவயிற்றுத் தூக்கம், அரைத்தூக்கத்தில் பசி

கேள்வி: என் மகளுக்கு 9 வாரம் ஆகிறது. பிறந்தபோது 2.9 கிலோ, போன வாரம் தடுப்பூசிக்குப் போனபோது 4.6 கிலோ இருந்தாள். இரவில் ஓரளவு தூங்கிவிடுகிறாள். பகல்தான் பாடாய்ப் படுத்துகிறது. 5 நிமிடம் பால் குடித்ததும் மார்பிலேயே தூங்கிப்போகிறாள். கீழே படுக்க வைத்தால் அரை மணி நேரத்தில் அழுதுகொண்டே எழுகிறாள். மறுபடி மார்பில் போட்டால் காம்பைப் பிடித்து இழுத்து, முதுகை வளைத்துக் கத்துகிறாள். "உனக்குப் பால் பத்தலை, பவுடர் பால் கொடு" என்கிறார்கள். மடியில் தூங்கவைத்தே கெடுத்துவிட்டேன் என்றும் திட்டு விழுகிறது. என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் பால் பத்தவில்லை என்ற பேச்சை முடித்துவிடுவோம். அதற்கான பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. 8 வாரத்தில் 1.7 கிலோ ஏறியிருக்கிறாள், அதாவது நாளொன்றுக்குச் சுமார் 30 கிராம். முதல் மூன்று மாதங்களில் 20 முதல் 30 கிராம் வரை ஏறுவதே நல்ல வளர்ச்சிதான். ஒரு நாளில் 6 முறைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறாளா, அது வெளிர் நிறத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மார்பு முன்போலக் கனக்கவில்லை, பம்பில் கொஞ்சம்தான் வருகிறது என்பதையெல்லாம் வைத்துப் பாலை அளக்க முடியாது. இந்தக் காலகட்டத்தில் மார்பு தளர்ந்து மென்மையாவது வழக்கம். சுரப்பு குழந்தையின் தேவைக்கு ஏற்பப் படிந்துவிட்டது என்று அதற்குப் பொருள்.

இந்த நிலையில் அவசியமில்லாமல் பவுடர் பால் கொடுத்தால் என்ன ஆகும்? அந்த வேளைப் பால் மார்பிலேயே தங்கும். பால் தங்கத் தங்கச் சுரப்பு குறையும். இல்லாத குறையை நாமே வரவழைத்துக்கொண்டதாக ஆகிவிடும்.

அப்படியானால் ஏன் இந்த அழுகை? பாப்பாவுக்குப் பசியும் தூக்கமும் ஒரே நேரத்தில் வந்து மோதுகின்றன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்த வயதில் பல குழந்தைகளால் ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒன்றரை மணி நேரம்தான் தெளிவாக விழித்திருக்க முடியும். பால் குடிப்பது, துணி மாற்றுவது எல்லாம் அதற்குள் அடக்கம். அழும்வரை காத்திருந்து பால் கொடுக்கும்போது அந்த நேரம் தீர்ந்திருக்கும். சோர்ந்துபோன குழந்தை, முதலில் வேகமாக இறங்கும் பாலைக் குடித்துவிட்டு, வேகம் குறைந்ததும் கண்ணை மூடிவிடும். போதாததற்கு, சப்பும்போதும் பால் குடலுக்குள் இறங்கும்போதும் குழந்தையின் உடலில் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. வயிறு நிறைந்த உணர்வையும் அசத்தும் தூக்கத்தையும் தருவதில் அதற்குப் பங்கு உண்டு. அதனால்தான் அரைவயிறாக இருந்தாலும் அப்படி அசந்து தூங்குகிறாள்.

அரை மணியில் எழுவதை வைத்துப் பசிதான் என்று முடிவுகட்ட வேண்டாம். சின்னக் குழந்தைகளின் ஒரு தூக்கச் சுற்று ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஒரு சுற்று முடியும்போது விழிப்புத் தட்டும். அங்கிருந்து அடுத்த சுற்றுக்குள் தானாக நுழைய அவர்களுக்கு இன்னும் தெரியாது. தூக்கம் தீராமல் எழுந்தவளிடம் உடனே மார்பை நீட்டினால் சில நேரம் குடிப்பாள், சில நேரம் கத்துவாள். அந்தக் கத்தலைத்தான் பால் இல்லை என்று வீட்டில் படிக்கிறார்கள்.

எனவே, பால் கொடுக்கும் நேரத்தைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திப் பாருங்கள். நன்றாகத் தூங்கி எழுந்த கையோடு, அழுகை வருமுன் கொடுங்கள். கையை வாய்க்குக் கொண்டுபோவது, தலையைத் திருப்பித் தேடுவது, நாக்கைச் சுழற்றுவது இவையே பசியின் முதல் அறிகுறிகள். அழுகை கடைசியில்தான் வரும். தெளிவாக இருக்கும் அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் கொடுங்கள். சப்புவது மெதுவானால், கண் சொக்கத் தொடங்குமுன், மார்பை உள்ளங்கையால் பிடித்து மென்மையாக அழுத்துங்கள். பால் மறுபடி இறங்கும். தாடை ஆழமாக இறங்கி, விழுங்கும் ஓசை கேட்கும். அந்த ஓசை கேட்கும்வரை அழுத்தம் பலிக்கிறது. நின்றதும் அடுத்த பக்கம் மாற்றுங்கள். கன்னத்தைத் தட்டுவது, காதை இழுப்பது, முகத்தில் தண்ணீர் தெளிப்பது எதுவும் வேண்டாம். பாவம், அது குழந்தை.

பிடிப்பையும் ஒருமுறை கவனியுங்கள். வாய் அகலத் திறந்து, தாடை மார்பில் பதிந்து, காம்பைச் சுற்றிய கருவட்டம் கீழ் உதட்டுப் பக்கம் குறைவாகவும் மேலே அதிகமாகவும் தெரிய வேண்டும். பால் குடித்து முடித்த பின் காம்பு நசுங்கிச் சரிவாக இருந்தாலோ, கொடுக்கும்போது முழுநேரமும் வலித்தாலோ பிடிப்பு சரியில்லை. இதைத் தாய்ப்பால் ஆலோசகர் ஒருவர் நேரில் பார்த்துத் திருத்துவதே நல்லது. எழுத்தில் சொல்லிப் புரியவைப்பது கடினம்.

முதுகை வளைத்துக் கத்தும்போது தலையின் பின்புறத்தைப் பிடித்து மார்போடு அழுத்தாதீர்கள். அழுத்தினால் இன்னும் பின்னுக்குத் தள்ளுவாள், மார்பைக் கண்டாலே மிரளவும் கூடும். எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வெளிச்சம் குறைந்த அறையில் கொஞ்சம் நடங்கள். அடங்கினால் மறுபடி கொடுக்கலாம். கண் சொருகினால், அப்போதைக்கு அவளுக்குத் தூக்கம்தான் வேண்டும். தூங்கி எழுந்து குடிக்கட்டும். இன்னொன்று: குடிக்கத் தொடங்கியதும் புரையேறி, இருமிவிட்டுக் கத்துகிறாள் என்றால், பால் வேகமாக இறங்குவதும் காரணமாக இருக்கலாம். நீங்கள் பின்னால் சாய்ந்து, அவளை உங்கள் மேல் கவிழ்த்தாற்போல் படுக்கவைத்துக் கொடுத்தால் வேகம் மட்டுப்படும்.

மார்பிலேயே தூங்கவிடக் கூடாது என்று கறாராகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எழுந்ததும் வயிறு நிறையக் குடித்தவள், அடுத்த தூக்கத்துக்கு முன் இரண்டு வாய் சப்பிக்கொண்டே தூங்கினால் தூங்கட்டுமே! 9 வாரத்தில் கெட்ட பழக்கம் என்று ஒன்று கிடையாது. மடியில் தூங்குவதும் அப்படித்தான்.

ஆனால் மடித்தூக்கத்தில் ஓர் எச்சரிக்கை. உங்களுக்குக் கண் அசந்தால் குழந்தையோடு சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ இருக்காதீர்கள். மூச்சடைப்பு ஆபத்து அங்கே மிக அதிகம். வீட்டில் இன்னொருவரிடம் கொடுங்கள், அல்லது அவளது படுக்கையில் மல்லாக்கக் கிடத்துங்கள். படுக்கை கெட்டியாக, சமமாக இருக்கட்டும். தலையணையும் தளர்ந்த போர்வையும் பக்கத்தில் வேண்டாம்.

கீழே வைத்ததும் விழிப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. இந்த வயதில் தூக்கம் பெரும்பாலும் மேலோட்டமாகத்தான் தொடங்கும்: இமை துடிக்கும், உதடு சுழியும், கை வெட்டும். கையைத் தூக்கிவிட்டால் துவண்டு விழும் அளவுக்கு அசரட்டும்; சுமார் 20 நிமிடம் ஆகலாம். பிறகு பின்புறம், முதுகு, தலை என்ற வரிசையில் இறக்கி, நெஞ்சின் மேல் ஒரு நிமிடம் கை வைத்திருங்கள்.

இதெல்லாம் எடை நன்றாக ஏறும் குழந்தைக்கு. பால் குடிக்க எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, சிறுநீர் குறைவது, பச்சை நிறத்தில் வாந்தி, பீறிட்டு வாந்தி, தொடர்ந்து சில வேளை பால் மறுப்பது, 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் - இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இரவானாலும் காத்திருக்க வேண்டாம்.

பகல் தூக்கம் நீள்வதற்குப் பல குழந்தைகளுக்கு 5, 6 மாதம் ஆகும். அதுவரை எல்லாத் தூக்கத்தையும் படுக்கைக்கு மாற்றப் போராடாதீர்கள். காலையில் எழுந்த பின் வரும் முதல் தூக்கத்தை மட்டும் படுக்கையில் முயன்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் எளிதாக அமையும். மற்றவை மடியிலோ தோளிலோ நடக்கட்டும். அந்தத் தோள் எப்போதும் உங்களுடையதாகவே இருக்க வேண்டியதில்லை. "கெடுத்துவிட்டாய்" என்று சொல்பவர்களிடமே ஒரு வேளை கொடுத்துவிட்டுப் போய்ப் படுங்கள்.