உரிமையோடு சொல்வது – கடிதம்

அன்புள்ள சார்,

எங்கள் ஊரில் நடக்கும் மருத்துவ முகாமுக்கு நோட்டீஸ் எழுதும் வேலை என்னிடம் வந்தது. ‘உடல் பருமன் உள்ளவர்கள்’ என்று எழுதினேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள். ‘குண்டாக இருப்பவர்கள்’ என்றால் எல்லாருக்கும் புரியுமே, இதெல்லாம் வெள்ளைக்காரன் நாசூக்கு என்கிறார்கள். எனக்கும் குழப்பம். குண்டு என்பதை நாம் உரிமையோடும் பாசத்தோடும்தானே சொல்கிறோம்? இப்படிப் பதமாகவே பேசிக்கொண்டிருந்தால் எடையைக் குறைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

கதிர், சங்கரன்கோவில்

அன்புள்ள கதிர்,

வெள்ளைக்காரன் நாசூக்கா நம்முடையதா என்ற பேச்சை விடுங்கள். ‘அவருக்கு சுகர் இருக்கு’, ‘அவங்களுக்கு பிரஷர் இருக்கு’ என்றுதான் உங்கள் வீட்டிலும் சொல்வார்கள். ஆள் வேறு, நோய் வேறு என்று பேசுவது நமக்குப் பழக்கம்தான். எடை விஷயத்தில் மட்டும் அதைக் கைவிட்டுவிடுகிறோம்.

பாசம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் தாண்டிப்போக முடியவில்லை.

என் சித்தி சத்துணவு அமைப்பாளராக இருந்தார். நாற்பது வயதில் முடக்குவாதம் வந்தது. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். முகம் வட்டமாக உப்பியது, பிடரியில் சதை திரண்டது, ஆளே மாறிப்போனார். தெருவில் ‘குண்டக்கா’ ஆனார். கல்யாண வீட்டு வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்பவர்கள், ‘என்னடி, எந்தக் கடை அரிசி?’ என்பார்கள். எல்லாம் நீங்கள் சொல்லும் அதே பாசம்தான். சித்தியும் கூடச் சிரிப்பார். பிறகு கல்யாணங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

மாதவிடாய் நின்று பல வருடம் கழித்து அவருக்கு ரத்தப்போக்கு தொடங்கியது. ஒரு மருத்துவமனைக்கு நான்தான் அழைத்துப் போனேன். எடை மெஷின் வராந்தாவில், வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் எதிரே இருந்தது. நர்ஸ் எடையை உரக்கச் சொல்லிவிட்டு, ‘மெஷின ஒடச்சிராம எறங்கும்மா’ என்றார். வராந்தாவே சிரித்தது. பிபி பார்க்கும் பட்டை சித்தியின் கையைச் சுற்றி வரவில்லை. இழுத்து ஒட்டினார்கள், காற்று ஏற ஏற சடசடவென்று பிரிந்துகொண்டது. பெரிய கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் ரத்த அழுத்தம் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். அங்கே யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. என்ன தொந்தரவு என்று சித்தி சொல்லி முடிக்குமுன்பே டாக்டர், ‘முதல்ல வாயைக் கட்டுங்க. வெயிட்டைக் குறைச்சிட்டு வாங்க’ என்றார்.

‘இனிமே என்னை எந்த ஆஸ்பத்திரிக்கும் கூப்பிடாத’ என்று படி இறங்கும்போதே சொல்லிவிட்டார் சித்தி. கூப்பிட்டுப் பார்த்தேன், வரவில்லை. அடுத்த முறை தூக்கிக்கொண்டுதான் போனோம். கர்ப்பப்பைப் புற்றுநோய். பரவியிருந்தது.

மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டால் உடனே பரிசோதிக்க வேண்டும், அது கர்ப்பப்பைப் புற்றுநோயின் ஆரம்ப அறிகுறியாக இருக்கலாம் என்பது மருத்துவம் படித்த எல்லாருக்கும் தெரியும். உடல் பருமன் அந்த அபாயத்தைக் கூட்டும் என்பதும் தெரியும். அப்படியென்றால் அந்த வராந்தாவில் முதலில் கவனிக்க வேண்டியவர் சித்திதான். அவரைச் சிரித்து அனுப்பினார்கள்.

உரிமை என்கிறீர்களே, அந்த உரிமையை உங்கள் மேனேஜரிடம் எடுத்துக்கொள்வீர்களா? தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் சம்பந்தியிடம்? மாட்டீர்கள். சித்தி மாதிரி, பதில் பேசாமல் சிரித்துவிடுகிறவர்களிடம்தான் நமக்கு இந்த உரிமை பொங்குகிறது. நம் சினிமா நடிகர்களின் பெயரிலேயே இதை ஒட்டிவைத்தது: இந்தப் பக்கம் குண்டு கல்யாணம், அந்தப் பக்கம் ஓமக்குச்சி நரசிம்மன். அதைச் சொல்லிப் பழகிய வாய், பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளையிடமும் அதையேதான் சொல்கிறது. ஒருவர் தன்னையே குண்டு என்று சொல்லிக்கொண்டால் அது அவர் இஷ்டம். அதை வைத்து நீங்கள் சொல்லக் கிளம்பாதீர்கள்.

பதமாகப் பேசினால் யாரும் குறைக்க மாட்டார்கள் என்பது சுத்த அபத்தம். நாம் கேலி செய்யாமலா இருந்தோம்? தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் கணக்கு; 25-ஐத் தொட்டாலே கூடுதல் எடை) 25-ஐத் தொட்ட அல்லது தாண்டிய தமிழ்நாட்டுப் பெண்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4 சதவீதம். உடம்புக் கொழுப்பில் சுரந்து, கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் ஹார்மோனுக்கான மரபணுவை ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு 1994இல் கண்டுபிடித்தது. உடம்பில் கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறைகிறது, மூளை பசியைக் கூட்டுகிறது, உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. குறைத்த எடை திரும்ப ஏற இது ஒரு முக்கியக் காரணம். இதோடு போராடுகிற மனுஷியிடம் வாயைக் கட்டு என்று சொல்ல டாக்டர் எதற்கு? எடையைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வந்தவர் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, ‘உங்க எடையைப் பத்தியும் கொஞ்சம் பேசலாமா?’ என்று கேட்டுப் பேசலாம்.

நோட்டீஸில் நீங்கள் எழுதியதையே போடுங்கள். நண்பர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். எடை மெஷினை ஒரு திரைக்குப் பின்னால் வையுங்கள்; எடையைச் சீட்டில் எழுதினால் போதும், சத்தமாகச் சொல்ல வேண்டாம் என்று முகாமில் வேலை செய்கிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள். பெரிய அளவு பிபி பட்டை ஒன்று வாங்குங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலிகள் நாலைந்து வேண்டும். பெண் டாக்டர் வருவதாக இருந்தால் அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.