கிளிஃபர்ட் பள்ளியும் தோட்டத்துக் கொட்டகையும்

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் கோலகங்சார் ஊரிலுள்ள கிளிஃபர்ட் பள்ளியைப் பற்றிப் படத்தொகுப்பு செய்கிறேன். அந்தப் பழைய கட்டடம் எந்தப் பாணியைச் சேர்ந்தது? வெள்ளைக்காரர்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வியைத் திறந்துவிட்டார்கள் என்று முன்னுரை எழுதியிருக்கிறேன். சுங்கை சிப்புட் தோட்டமொன்றில் ரப்பர் பால் வெட்டிய என் பாட்டி அதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் எழுந்து போனார்.

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

பாணிக்குப் பெயர் வைக்கிற வேலையைக் கட்டடக் கலைஞர்களிடம் விடுங்கள். அந்தக் காலத்து ஆங்கிலப் பள்ளிகள் வெயிலையும் மழையையும் பார்த்துக் கட்டியவை. நான் படித்தது வேறு ஊர். அங்கே சன்னலில் ஒரு குச்சியைத் தள்ளினால் அத்தனை மரப்பலகையும் ஒன்றாகச் சாயும். சாரல் வெளியே நிற்கும், காற்று உள்ளே வரும். இப்போது அதை அடைத்து ஏர்கோன் மாட்டுகிறார்கள். அது போகட்டும்.

எல்லாப் பிள்ளைகளுக்குமா? யார் சொன்னது உங்களுக்கு? 7 முதல் 14 வயதுக்குள் 10 பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். வைத்தார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து ஓரம் ஒரு கொட்டகை, பல இடங்களில் கணக்கெழுதும் கிராணியோ வேலை வாங்கும் கங்காணியோதான் வாத்தியார். அங்கே படித்த பிள்ளை ஆங்கிலப் பள்ளிக்குள் எப்படி நுழையும்? மொழி தெரியாது. பள்ளிச் சம்பளம் கட்ட வழியில்லை. பஸ்ஸுக்கும் காசில்லை.

மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் கிளிஃபர்டில் படித்தாரே என்பீர்கள். படித்தார். அவர் தந்தை ரப்பர் தோட்டம் வைத்திருந்தவர். அதனால் அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பியவர், 1954-இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலையைத் தொடங்கினார். நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்தார். உங்கள் தொகுப்பில் அந்தப் பள்ளிக்கு ஒரு படமாவது உண்டா?

என் அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. பால்வாளி சுமந்து காய்த்த கை. அந்தக் கையால் தன் பெயரை எழுதும்போது மட்டும் முதுகை நிமிர்த்தி உட்காருவார், ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவார். அவருக்கும் சேர்த்துத்தான் கோபப்படுகிறேன், தம்பி. மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

முன்னுரையைக் கிழித்துப் போடுங்கள். பாட்டியிடம் போய் எந்தத் தோட்டத்துப் பள்ளி, எத்தனாம் வகுப்போடு நின்றார், ஏன் நின்றார், வாத்தியார் யார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதி அனுப்புங்கள், இங்கேயே போடுகிறேன்.